வால்வில் கட்டிய கேந்தி மாலை

தாராவி, பம்பாய்
ஐப்பசி 20, 1966

அன்பு மகன் வானமாமலைக்குச் சித்தப்பா பூலோகம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி பேராச்சியும் அம்மன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். ரூர்கேலாவில் நீயும் அப்படியே இருப்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் சித்திக்குச் சோறு இறங்கும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். செம்பூரில் எங்கள் சாய ஃபாக்டரியில் நடந்தது அத்தனையும் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னவன். யாரிடம் சொன்னீங்க என்று சித்தி கேட்கிறாள். மனதுக்குள் சொன்னால் சொன்னதாகாதா? நீ பெரிய இரும்பாலையில் ஃபிட்டராக இருப்பவன், உனக்கு விஷயம் புரியும். எனக்குத்தான் நடந்தது தெரிகிறதே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் பிடிபடவில்லை.

ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் நம் ஆட்கள்தான் ஃபாக்டரியைக் கழுவித் துடைத்து எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்பது. இந்த வருஷம் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி என்ற முறையில் எல்லாப் பொறுப்பும் என் தலையில். தாதர் மார்க்கெட்டிலேயே பெரிய கேந்திப்பூ மாலை எதுவோ அதை வாங்கி வந்தேன், யானைக்குப் போட்டால் யானை உட்கார்ந்துவிடும். பாய்லர்தானே ஃபாக்டரிக்கு உயிர், அதனால் அதன் உச்சிக்கு. அங்கே கைப்பிடி மாதிரி ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் குண்டு தொங்கும், ஆவி அதிகமானால் அது தானே தூக்கிக்கொண்டு புஸ்ஸென்று விடும், சேஃப்டி வால்வு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாலை தொங்க அதைவிட வாகான இடம் கிடையாது. போன வருஷமும் அங்கேதான் கட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. போன வருஷம் நூல், சூட்டில் அறுந்து பூவெல்லாம் கீழே கொட்டிவிட்டது, முதலாளி சேட் முகம் சுளித்தார். அதனால் இந்த வருஷம் கட்டுக்கம்பி. அந்தக் கைப்பிடியையும் அடியில் இருந்த குழாயையும் சேர்த்து ஆளுக்கு ஒரு முறுக்கு முறுக்கினோம். பிரஷர் மீட்டரின் முகத்தில் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம். பார்த்தால் உன் சித்தி கல்யாணப் பெண்ணாக இருந்தது போல இருந்தது.

லீவு முடிந்து அடுப்பு பற்ற வைத்தார்கள். பாய்லர்க்காரன் யார் என்று உனக்குத் தெரியும், உன்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன ஹமீதுதான். சாயத் தொட்டியில் வேலை செய்கிறவர்கள் பூஜை அசதியில் வரவில்லை, ஆவியை எடுத்துக்கொள்ள ஆளில்லை, அது உள்ளேயே முட்டுகிறது. வழக்கமாக அந்த நேரத்துக்கு வால்வு இரண்டு மூன்று தடவை புஸ்ஸென்றிருக்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை. சத்தமில்லை என்றுதான் ஹமீதுக்குச் சந்தேகம். மீட்டரில் இருந்த சந்தனத்தைக் கைலியால் துடைத்துப் பார்த்திருக்கிறான், முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் நிற்கிறது. “எல்லாரும் வெளிய ஓடுங்கவே, மாலைக்காரப் பயலுவளா” என்று ஒரு கத்து. அது காட்கோபர் வரை கேட்டதாம். எல்லோரும் ஓட நான் ஒருவன்தான் அசையாமல் நின்றேன். பயத்தில் கால் வரவில்லை என்று ஒரு பேச்சு அங்கே வந்து சேர்ந்தால் நம்பாதே. ஹமீது அடுப்பில் இருந்த கரி முழுவதையும் வாரி வெளியே இழுத்துப் போட்டான், ஆவியை ஆளில்லாத தொட்டிகளுக்கெல்லாம் திருப்பிவிட்டான். முள் மெல்ல இறங்கியது. மாலை மட்டும் அப்படியே இருந்தது, ஒரு பூ உதிரவில்லை, நல்ல கட்டு.

வெளியே போட்ட கரியில் தண்ணீர் விட்டதில் எழுந்த புகை பக்கத்தில் இருக்கும் காலனிக்குள் போய்விட்டது. அங்கேயிருந்து சுப்ரமணியன் என்று ஆபீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் ஈர வேஷ்டியைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். “எங்காத்துக் கொடியப் பாருங்கோ, வெள்ளையா இருந்தது எது, கறுப்பா இருந்தது எதுன்னு இனிமே நான்தான் சொல்லணும், தெனமும் இதே ரகளைதான் ஓய்” என்றார். நியாயம்தான். இப்போது சேட் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார், காற்று கழிமுகப் பக்கம் வீசும்போது மட்டும்தான் பாய்லர் குழாய்களில் படிகிற கரியைத் தட்டிவிட வேண்டும். காசில்லாத வைத்தியம். காலனிக்காரர்கள் சந்தோஷமாகப் போய்விட்டார்கள். கழிமுகப் பக்கம் மீன் காயப் போடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் இன்னும் வரவில்லை. கரி குறைந்ததா, இடம் மாறியதா என்று நானும் யோசித்துப் பார்த்தேன், தலை வலித்தது, விட்டுவிட்டேன்.

பெரிய விஷயம் இனிமேல்தான். நடந்தது காதுக்கு எட்டி மறுநாள் சர்க்கார் பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தார். சேட்டுக்கு ஒரே பயம், ஃபாக்டரிக்குப் பூட்டுப் போட்டுவிடுவாரோ என்று. உடனே ஹமீதைக் காட்டி, பாய்லருக்குப் பொறுப்பு இவன், கட்டும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவனும் இவன், இன்றோடு இவனை அனுப்பிவிடுகிறேன் என்றார். ஹமீதுக்கு முகம் செத்துவிட்டது. நோன்பு முடிந்ததும் மூத்தவள் நஸீராவுக்கு நிக்காஹ், உனக்கும் பத்திரிகை வரும். அப்போதுதான் உன் சித்தப்பா நான் முன்னால் போய் நின்றேன். என் இந்தியைப் பற்றி உனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டரே அசந்துபோனார். சாகேப், இந்த ஆள் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டு சொன்னான், வால்வில் கட்டாதீங்க, வெடிச்சிரும், அது தூக்குறதுக்கு இடம் வேணும்னு, நாங்கள்தான் நல்ல நாளில் வாயை மூடு என்று தள்ளிவிட்டோம் என்றேன். இன்ஸ்பெக்டர் சேட்டைத் திரும்பிப் பார்த்தார். பெரிய மிஷின் எதுவும் வாங்கச் சொல்லவில்லை. பாய்லரைச் சுற்றித் தரையில் ஒரு வெள்ளைக் கோடு, அந்தக் கோட்டுக்குள் பாய்லர்க்காரன் சொன்னதுதான் சட்டம், சேட்டே ஆனாலும் அவன் வேண்டாம் என்றால் வேண்டாம், இதற்கு ஒரு டப்பா சுண்ணாம்பு போதும், இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். ஹமீது வேலையில் இருக்கிறான். போன வாரம் சேட் சுருட்டோடு வர, கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க சேட்ஜி என்று கையைக் காட்டினான் பார், சேட்டும் நின்றார்.

உன் சித்தி எள்ளுப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் வருகிற ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புவாள். குளிர் வந்துவிட்டால் காதை மூடிக்கொள். நல்ல பெண்ணாக ஒன்று இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம், லீவு எப்போது என்று எழுது. அண்ணன் இருந்து செய்ய வேண்டிய ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே செய்கிறேன், கையும் காலும் கண்ணும் குறையில்லாமல் நீடூழி இரு.

இப்படிக்கு உன் சித்தப்பா,
ச. பூலோகம்

தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது. மேலே உள்ளதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன், இதைக் காட்டவில்லை. ஹமீது இப்போது தாராவி முழுவதும், நான் அஞ்சு தடவை சொன்னேன், ஒரு பயலும் கேக்கல என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். நேற்று டீக்கடையில் என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டான், நானும் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் அவன் வேலையும் போகும், கோடும் அழியும். சொல்லாமல் இருந்தால் கோடு நல்ல கோடுதான், ஆனால் அது எதன்மேல் நிற்கிறது என்று எனக்குத் தெரிகிறதே, படுத்தால் தூக்கம் வரவில்லை. நீ ஒருவனாவது தெரிந்துகொள், இல்லாவிட்டால் எங்கேயும் யாராவது ஒருவன் முன்கூட்டிச் சொல்லிவிடுவான் என்று நம்பி உங்கள் பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாய். அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை மகனே. நாங்கள் மாலையோடு மேலே ஏறினபோது ஹமீது வாய் நிறையப் பொரியோடு சிரித்துக்கொண்டு கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.