பின் வரிசைக் கோதுமை

பிப்ரவரி 4

காலையிலேயே எரிச்சல். பேராசிரியர் பசுமைக்குடிலுக்குள் வந்தார், என் கோதுமைத் தொட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தார், "எல்லாத்துக்கும் ஹார்மோன் அடிச்சிரும்மா" என்றார்.

எல்லாத்துக்குமா?

எழுதியாவது தீர்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன். கதிரில் பூமொட்டுகளைப் பெருக்குவது சைட்டோகைனின் என்ற ஹார்மோன். அளவு மீறாமல் இருக்கச் செடியே அதைச் சிதைத்தும் விடும். சிதைக்கும் வேலைக்கான ஜீன் ஒன்றை என் செடிகளில் முடக்கியிருக்கிறோம். ஆக, ஹார்மோன் உள்ளேயே தங்கும், பூ கூடும், மணி கூடுமா என்பதுதான் கேள்வி. அதன் மேல் வெளியிலிருந்தும் அடித்தால் ஜீன் செய்தது எது, ஸ்ப்ரேயர் செய்தது எது என்று யார் சொல்வது?

பாதியையாவது விட்டுவைக்கலாம் சார் என்றேன்.

"பலன் பெருசாத் தெரியணும்மா. மே மாசம் உன் ஒப்பந்தம் முடியுது, ஞாபகம் இருக்குல்ல?"

தூக்கத்தில்கூட இருக்கிறது சார்.

பிப்ரவரி 6

அடிக்கும் வேலை 'பொறுப்பு'விடம் போயிருக்கிறது. உடன் வேலை பார்ப்பவனுக்கு நான் வைத்த பெயர். எதைச் சொன்னாலும் "அதுக்கு நான் பொறுப்புங்க" என்பான். அத்தோடு சரி.

பிப்ரவரி 17

மொட்டு எண்ணினேன். நுண்ணோக்கியின் கீழ் இலை இலையாக உரித்து, உள்ளே பொடியாக இருக்கும் இளங்கதிரைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் அந்தச் செடி செத்தது. முன் வரிசையிலிருந்து சிலவற்றைப் பலி கொடுத்தேன். மொட்டுகள் குவிந்து கிடக்கின்றன. பேராசிரியர் எட்டிப் பார்த்தார். நின்ற இடத்திலேயே யாருக்கோ போன் போட்டு, "விளைச்சல் ரெண்டு மடங்கு" என்று சொல்லிவிட்டார்.

ஐயோ, மொட்டு வேறு, மணி வேறு! யார் காதில் விழுகிறது?

மார்ச் 15

"கோதுமைக்குப் பூ இருக்கா? நான் பார்த்ததே இல்லையே" என்கிறாள் தங்கை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து, இது கேள்வி.

அவளுக்கு ஜூனில் வேறு ஊருக்கு மாற்றல். "ஒப்பந்தம் நீட்டலைன்னா நீயும் என்கூட வந்துரு. இங்க தனியா உக்காந்து என்ன பண்ணப்போற?" அலமாரி மேலிருந்து என் பெட்டியை அவளே இறக்கி, தூசி தட்டி வைத்துவிட்டாள்.

நல்ல எண்ணம்தான். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. எனக்கு இந்த வேலை வேண்டும்டி.

ஏப்ரல் 20

பதர். முன் வரிசைக் கதிர்களைக் கையில் கசக்கினேன், ஊதினால் பறக்கிறது. அத்தனை பூவுக்கும் செடியால் தீனி போட முடியவில்லை. பாதிப் பூ காய்க்காமலே கருகிப்போயிருக்கிறது. ரெண்டு மடங்காம்! போச்சு, எல்லாம் போச்சு.

ஏப்ரல் 21

பின் வரிசை, சுவரோரம், குழாய்க்குப் பின்னால். அங்கே கதிர் கனக்கிறது! பூ முன் வரிசை அளவுக்கு இல்லை, ஆனால் சாதாரணக் கோதுமையைவிட அதிகம்; உள்ளே முழு மணி. அதே ஜீன், அதே மண். என்னடா இது?

அப்புறம்தான் இலைகளைப் பார்த்தேன். முன் வரிசையின் அடி இலைகூட இன்னும் பச்சை. சைட்டோகைனின் அடித்தால் இலை சீக்கிரம் பழுக்காது. பின் வரிசையோ வைக்கோலாகக் காய்ந்துவிட்டது.

பொறுப்பைப் பிடித்தேன்.

"அடிச்சேங்க, சத்தியமா."

"இலையைப் பாத்துட்டுச் சொல்லு."

பார்த்தான். தலையைச் சொறிந்தான். "அந்தத் தொட்டியெல்லாம் இழுத்தா முதுகு புடிச்சுக்குதுங்க... சார்கிட்ட சொல்லிராதீங்க."

அவன் கழுத்தை நெரிப்பதா, காலில் விழுவதா? நான் கெஞ்சியும் கிடைக்காத, ஹார்மோன் படாத வரிசையை இவன் சோம்பலில் வளர்த்து வைத்திருக்கிறான். ஆனால் "அடிக்கவில்லை" என்று இவன் வாயால் சொன்னால்தான் அது செல்லும். சொன்னால் இவன் ஒப்பந்தத்துக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் என்னுடையதற்கு.

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். நீ சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 29

வாய் திறக்கவில்லை. என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறான். துணிகளைப் பெட்டியில் அடுக்கினேன்.

மே 5

சொல்லிவிட்டான்! பேராசிரியர் அறையில், என் முன்னால், காதெல்லாம் சிவக்க. அவர் ஒரு பாட்டம் திட்டினார். பிறகு பின் வரிசை மணிகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "நான்தான் அப்பவே சொன்னேனேம்மா, அளவு முக்கியம்னு" என்றார்.

எப்போது சார் சொன்னீர்கள்? எந்த ஜென்மத்தில்?

ஒரு வரிசையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, மறுபடி விதைக்க வேண்டும் என்றேன். முகத்தைச் சுளித்தார். கடைசியில் இன்னொரு பருவத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டுகிறேன் என்றார். பொறுப்புக்கும் வேலை போகவில்லை.

ஜூன் 7

தங்கையைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தேன். வீடு ஓவென்று இருக்கிறது. பெட்டியை மறுபடி அலமாரி மேல் ஏற்றினேன்.

ஜூலை 19

தெளிக்கும் நாள். ஸ்ப்ரேயரை யாரிடமும் தரவில்லை. முன் வரிசைக்கு ஹார்மோன், பின் வரிசைக்கு அது இல்லாத கரைசல். சுவரோரத் தொட்டிகளை ஒவ்வொன்றாக நானே இழுத்து, நானே அடித்தேன்.

முதுகு பிடித்துக்கொண்டது. பொறுப்பு தைலம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.