ஐந்தாவது திரி

பதுளை
05.11.2024

அன்புள்ள சிவசக்திக்கு,

இங்கு நலம். உன் நலமும் உன் அம்மா ரெங்கம்மாவின் நலமும் அறிய ஆவல்.

ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறாய், அதுவும் இரண்டே வரியில். கான்வென்டில் நான் இப்படி எழுதியிருந்தால் சிஸ்டர் கிழித்துப் போட்டிருப்பார். ஆகவே அது எனக்குக் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

நம் கல்லூரிக்கு நன்கொடை திரட்ட வந்தவர்கள் எல்லோரும் தொழில் பழகியதும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். நீ மட்டும் தங்கினாய். பண்டாரவளை மஹ்ரூப் ஹாஜியார் எங்களுக்குத் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பினார். நீ போனபோது பெண்கள் விடுதியையே கட்டித் தந்தார். இது எனக்குத் தெரியாததல்ல.

சம்பளத்தை உயர்த்த ஆட்சிக்குழு சம்மதித்துவிட்டது. இன்னும் என்ன குறை? கையால் எழுது.

அன்புடன்,
கலாராணி சிவஞானம்
தலைவி, ஆட்சிக்குழு


அப்புத்தளை
12.11.2024

பெருமதிப்புக்குரிய மேடம்,

வணக்கம். அம்மா சுகமாக இருக்கிறார். இங்கே ஒரே மூடுபனி.

சம்பளத்துக்காகப் போகவில்லை, மேடம். விடுதித் திறப்பு விழாவுக்கு அம்மாவைக் கூட்டிவந்தேன். அன்று தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, புதுச் சேலை கட்டி வந்தார். கடைசி வரிசையில் இருந்தார்.

குத்துவிளக்கில் ஐந்து திரி. ஏற்றியவர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவர் கையிலும் மெழுகுவர்த்தியைக் கொடுத்து வாங்கியது நான். ஐந்தாவது திரி உங்களுடையது. நன்றியுரையில் பந்தல்காரர் பெயர்கூட வந்தது.

பஸ்ஸில் அம்மா கேட்டார்: "மெழுகுவத்தி புடிக்கிறதப் பாக்கவா புள்ள என்னைய வரச் சொன்ன?"

கொழும்பில் வேலைக்கு அழைப்பவர்கள் என்னைப் பணிப்பாளர் என்கிறார்கள். உங்களிடம் நான் இன்னும் கோப்பு எழுதும் எழுதுவினைஞர்தான்.

பணிவன்புடன்,
சிவசக்தி


பதுளை
24.11.2024

அன்புள்ள சிவசக்திக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து நன்று.

நேற்று ஆட்சிக்குழுவைக் கூட்டினேன். நன்கொடைப் பிரிவுக்கு நிரந்தரப் பணிப்பாளர் பதவி. குழுவில் ஓர் ஆசனம். அதுவரை எல்லோரும் தலையாட்டினார்கள். தை மாதம் நூலகத் திறப்பில் நீ விளக்கேற்றுவாய் என்றதும் செயலாளர் ஜெயகுமார் துள்ளினார்.

"எழுதுவினைஞர் ஒருத்தரா, மேடம்? வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"சரி. அடுத்த முறை ஹாஜியாரிடம் நீங்களே போய்க் கேளுங்க."

அதன்பின் அவரே அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினார். ஹாஜியாரோ என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அந்த மகள் போனா நான் யார நம்பிக் குடுக்கிற?" என்று கேட்டுவிட்டார்.

ஐந்தாவது திரியை நீ ஏற்று. மெழுகுவர்த்தியை நான் பிடிக்கிறேன். உன் அம்மாவுக்கு முன் வரிசை. அன்று அவருக்கு லீவு கேட்டுத் தோட்டத்துரைக்கு எழுதிவிட்டேன்.

கொழும்புக்குத்தான் போவாய் என்றால், உன்னைப்போல் ஒருத்தி இந்த மாகாணத்தில் இல்லை என்று நற்சான்று தருவேன். அது உண்மை. இதற்குமேல் கேட்கமாட்டேன். கேட்பது உன் தொழில், எனக்குப் பழக்கமில்லை.

அன்புடன்,
கலாராணி சிவஞானம்


அப்புத்தளை
01.12.2024

அன்புள்ள மேடம்,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கேக்கப் பழக்கமில்லன்னுட்டு அந்தம்மா நல்லாத்தான் கேட்டிருக்கு" என்று சிரித்தார். சேலையைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டார்.

வரவில்லை என்று கொழும்புக்கு எழுதிவிட்டேன். கையால்தான்.

ஒன்று மட்டும், மேடம். மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். இல்லாவிட்டால் மெழுகு விரலில் சொட்டும்.

அன்புடன்,
சிவசக்தி