உன் பேரைப் போட்டிருக்கிறார்கள், மச்சான்

என் ஆசை மச்சான் அந்தோணிக்கு,

மாரடைப்பில் நீ போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் உன்னை ஒரு புதுக் கட்டுரை எழுத வைத்துவிட்டார்கள். சிரிக்காதே, நிஜம்தான். தைராய்டு கட்டி ஆபரேஷனைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை. நம்ம சர்ஜரி யூனிட் சீஃப் பேர் முதலில், என் பேர் இரண்டாவது, உன் பேர் மூன்றாவது.

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு மண்டபம் பிடித்து சீஃபுக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். அவர் பேரில் வந்த கட்டுரைகளின் பட்டியலையே தனிப் புத்தகமாக அடித்து, வழவழ அட்டை போட்டு, தாம்பூலப் பையில் வைத்துக் கொடுத்தார்கள். தேங்காய், வெற்றிலை பாக்கு, கட்டுரைப் பட்டியல். நம் யூனிட்டில் யார் கத்தி பிடித்தாலும், யார் கண்விழித்து எழுதினாலும் அவர் பேர்தான் முதலில் வரும் என்று உனக்குத் தெரியாதா? மேடையில் அதற்குப் பேர் கடின உழைப்பு. நானும் கை தட்டினேன்.

பட்டியலில் அந்தப் பழைய கட்டுரையும் இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நம் நோயாளிகளில் ஒருவருக்குக்கூடக் குரல் போகவில்லை என்று சொன்ன கட்டுரை. கொளஞ்சி அக்காவை நீ மறந்திருக்க மாட்டாய். நம்மிடம் ஆபரேஷன் செய்துகொண்டு, பிறகு செக்கப்புக்கு வராத அவரைத் தேடி, பஸ் பிடித்துத் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்கே போனாய். கீரை விற்கிறவருக்குக் கூவக் குரல் இல்லை, வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது என்று எழுதிக்கொண்டு வந்து கொடுத்தாய். சீஃப் அந்தத் தாளை மேஜை டிராயரில் போட்டு மூடினார். கட்டுரையில் அக்கா 'தொடர்பு கிடைக்காதவர்' ஆகி, குரல் போனவர்கள் கணக்கிலேயே வராமல் போய்விட்டார்.

"பொய்யில எம் பேரு வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு நீ வெளியே போனாய். காலியான உன் இடத்தில் என் பேரைப் போட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் பதவி உயர்வும் வாங்கினேன். சீஃப் மேல் வருகிற அருவருப்பில் பாதி என் மேலேயே வருகிறது.

விழா முடிந்து பந்திக்குப் போகும்போது அவர் என் தோளில் கை போட்டார்.

"அந்தப் பழைய ஸ்டடியவே இன்னும் பெருசாக்கி அனுப்புறோம்பா. நம்ம அந்தோணி பேரையும் சேத்துட்டேன், ஒரு அஞ்சலியா இருக்கட்டும். நீ ஓகேன்னு ஒரு மெயில் போட்டுடு."

"அவன்தான் அப்பவே வேணாம்னு சொல்லிட்டானே சார்?"

"இப்ப யாருப்பா வந்து கேக்கப் போறாங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இலையில் உட்காராமல் கிளம்பிவிட்டேன். உயிரோடு இருந்தவரை உன்னை வளைக்க முடியாதவர், செத்த பிறகு உன் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைக்கிறார். இதற்கு அஞ்சலி என்று பேரா?

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போனேன். தேடவே வேண்டியதில்லை. நீ எழுதியிருந்த அதே இடத்தில், சாக்கை விரித்துக் கீரைக்கட்டுகளோடு அக்கா உட்கார்ந்திருந்தார். ஆள் யாராவது கடந்து போனால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுகிறார். இத்தனை வருஷமும் அப்படித்தான் வியாபாரமாம்.

கிட்டே போய்க் குனிந்தால்தான் அவர் பேசுவது கேட்கிறது.

"அந்த ஒல்லி டாக்டரு எப்டி இருக்காரு? அவரு ஒருத்தர்தான் என்னத் தேடி வந்தாரு."

சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம், "நீங்க எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்டார். கீரை வாங்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய். நீ இருந்திருந்தால் என்னை எப்படிக் காறித் துப்பியிருப்பாய்?

இன்று மெயில் எழுதியிருக்கிறேன். சீஃபுக்கு இல்லை, கட்டுரைகளைப் போடுகிற மருத்துவப் பத்திரிகைக்கு. புதுக் கட்டுரைக்கு என் சம்மதம் இல்லை, உன் சம்மதம் எப்போதுமே இருந்ததில்லை என்று எழுதினேன். பழைய கட்டுரையில் தொடர்பு கிடைக்காதவர் என்று சொல்லப்பட்டவர் மார்க்கெட்டில்தான் இருக்கிறார், டாக்டர் அந்தோணி அவரை அப்போதே பார்த்துவிட்டார் என்றும் எழுதினேன். அடுத்த பதவிக்கு சீஃப் கையெழுத்து வேண்டும். இனி அது கிடைக்காது. பழைய கட்டுரையிலிருந்து என் பேரை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அந்த அசிங்கம் நான் செய்தது, அங்கேயே கிடக்கட்டும்.

இந்தக் கடிதத்தை முடித்ததும் அந்த மெயிலை அனுப்பிவிடுவேன். நாளைக் காலை அக்காவிடம் போய், நான் எதற்கு வந்தேன் என்று உண்மையைச் சொல்வேன். உன் மேல் சத்தியம்.

உன் இடத்தில் பேர் போட்டுக்கொண்ட,
உன் மச்சான்
கதிர்