அறுபத்திரண்டு மதிப்பெண்

12 நவம்பர், புதன்

அம்பத்தூரில் இரண்டு நண்பர்களோடு வீடியோ கேம் உருவாக்கும் தேவி காலையில் போன் செய்தாள். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் விமர்சனம் எழுதும் இணையதளத்தில் அவர்களுடைய புதிய கேமுக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு போட்டிருந்தேன். விடைத்தாள் திருத்தியே பழகிய எனக்கு அது முதல் வகுப்பு. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னா சார், இப்டி பண்ணிட்டீங்க? கேமுக்கு எழுவதுக்குக் கீழ போனா ஃபெயில் மாதிரி சார். எவனும் வாங்க மாட்டான். ரெண்டு வருசமா இத்தயே நம்பிகினு கீறோம். எம்பதா மாத்திடுங்க."

அந்த வழக்கம் தெரியாமல் மதிப்பெண் போட்டது என் தவறுதான். அதற்காக, கேட்டதைப் போட்டுவிட முடியுமா?

"சும்மா மாத்த மாட்டேம்மா. மறுமதிப்பீடு பண்றேன். மொதல்லேர்ந்து முழுசா ஆடுறேன். மார்க் ஏறலாம், எறங்கவும் செய்யலாம்."



"அஞ்சாவது லெவல்ல பாலம் ஏற சொல்லோ கேம் நின்னுடுது சார். எங்களுக்கே தெரியும். அத்த சரி பண்ணி அனுப்புறேன், அப்பால ஆடுங்க."

அந்தப் பாலத்துக்குத்தான் எட்டு மதிப்பெண் குறைத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. கேம் வந்ததும் பழைய மதிப்பெண்ணைப் பார்க்காமல் திருத்த வேண்டும்.