தர்ஷினி காத்திருக்கும் மருந்து

என் ரேணுவுக்கு,

நேற்றுப் பின்னேரம் நாலு இருபதுக்கு உன் அம்மா போன் பண்ணினாங்க. உன் தங்கச்சி தர்ஷினிக்கும் மார்பில் புற்றுநோய்க் கட்டிதானாம். ஆய்வுகூடத்தில் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அழுகை வரவில்லை. நீ கண்ணை மூடியதிலிருந்து எனக்கு எதுவுமே வருவதில்லை.

அடுத்து அத்தை சொன்னதுதான் என்னை உட்காரவிடவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்குறா மாப்புள. மச்சான் மருந்து வரட்டும்ங்குறா."

இது உன் வேலைதானே? தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது எல்லாரிடமும் பெருமையடித்திருக்கிறாய்: "எங்க வீட்டுக்காரரு, கட்டிய மட்டும் தேடிப் போய்ப் புடிக்கிற மருந்து செய்யிறாரு." என்னிடம் மட்டும் வேறு பேச்சு. "தோட்டத்து ஆபீசுக்கு வந்த காயிதமே நம்ம லயத்து வீட்டுக்கு வந்து சேர மாட்டேங்குது. ஒங்க தூசி மட்டும் ஒடம்புக்குள்ள வெலாசம் கேட்டுப் போயிருமாக்கும்?"

நியாயமான கேள்வி. ஊசியில் ஏற்றும் நுண்துகள்களில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. கட்டிக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். இந்த வகை மருந்து சில புற்றுநோய்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. நான் செய்வது கண்ணாடித் தட்டில் வளரும் செல்களைத் தாண்டி இன்னும் வெளியே வரவில்லை. இதை நீ ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை?

நேற்றே உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன்; மடுல்சீமை பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். தர்ஷினி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்காவுக்கு முடி கொட்டுச்சு, வாயெல்லாம் புண்ணு. அத்தனையும் பட்டும் போயிட்டா. எனக்கு அது வேணாம் மச்சான். ஒங்க மருந்து வந்தா போட்டுக்கிறேன்."

"வராது தர்ஷினி. இப்ப வராது."

"அக்கா சொன்னாளே?"

"ஆசையில சொன்னா."

"அப்ப பொய்யா?"

உண்மையைச் சொன்னேன். உன் பெருமையை உன் தங்கச்சி முன்னால் நானே உடைத்தேன். "நான் செய்யிற மருந்து இதுவரைக்கும் ஒரு எலிக்குக்கூடப் போடல. அக்காவுக்குத் தெரிய வந்தப்பவே பரவியிருச்சு. ஒனக்குச் சின்னக் கட்டி. இருக்குற மருந்துக்கே கேக்கலாம். காத்திருந்தா கேக்காது."

ரொட்டி கருகியது. அவள் திருப்பவில்லை.

"முடி கொட்டுனா சிரிப்பீங்களா?"

"எனக்கே பாதி இல்ல."

"ஆமா, அக்காவும் வழுக்கன்னுதான் சொல்லுவா." பிறகு, "காலைல மொத பஸ் எத்தன மணிக்கு?"

இப்போது அவள் உள்ளே டாக்டரிடம் இருக்கிறாள். நான் பதுளை ஆஸ்பத்திரிப் பெஞ்சில். ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், திரும்ப வருகிறேன். நீயும் நானும் உட்கார்ந்த பெஞ்சா இது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.

ஆய்வுகூடத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். துகள் செல்லில் ஒட்டியதா இல்லையா என்று சொல்லத்தான். அந்த வேலையை விடமாட்டேன், ரேணு. ஆனால் தர்ஷினிக்கு ஏறும் ஒவ்வொரு ஊசிக்கும் பக்கத்தில் நான் இருப்பேன். இது உனக்குத் தரும் வாக்கு.

கதவு திறக்கிறது. போனை அணைத்துவிட்டேன்.

தர்ஷினியின் மச்சான்,
உன் புருஷன்