ரூபிக்கு ஐந்து வயது ஆகும் முன்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். குன்னூர் கண்ணுக்குத் தெரியவில்லை. என் நாய் ரூபி படுத்திருந்த சாக்கில் இரத்தத் துளிகள். பருவம் வந்துவிட்டது. இந்த முறை தள்ளிப்போட முடியாது. அடுத்த முறைக்குள் ஐந்து வயது ஆகிவிடும். முதல் ஈற்றுக்கு அது அதிகம்.

இதுவரை காத்திருந்தது இவள் அம்மாவால். ஆறு வயதில், கேட்டை நோக்கி ஓடிய ஓட்டத்திலேயே விழுந்து செத்தாள். இதயம். டாபர்மேன்களுக்கு வருகிற நோய், நாலைந்து வயது வரை வெளியே தெரியாது. அதற்குள் மூன்று ஈற்று எடுத்து விற்றுவிடுவார்கள் இங்கே உள்ள மேதைகள். நான் காத்திருந்தேன். போன மாதம் கோவையில் ரூபிக்கு இதய ஸ்கேன். உடம்பில் ஒயர் கட்டி ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். இரண்டும் சுத்தம்.

என் மனைவி ஸ்டெல்லா பள்ளி வேலைக்குக் கிளம்பும்போது: "ஏனுங்க, உங்க மகளுக்கு இந்த வருசமாவது கல்யாணம் உண்டுங்களா?"

உண்டு.

ஜூன் 5, வியாழன்

கேத்தி போனேன். காற்று. கேரட் வியாபாரி பிரபுவின் ஆண் நாய் ரெக்ஸைப் பார்த்தேன். இரண்டு வயது, நல்ல தலை, நல்ல நடை.

"இதயம் பார்த்தீங்களா?"

"எல்லா ஊசியும் போட்டாச்சுங்க சார்."

"ஊசி இல்ல. இதயம்."

"நல்லா ஓடறானுங்க. பத்துக் குட்டிக்குக் கொறையாதுங்க சார்."

"இவன் அப்பன் இருக்கானா?"

"சிறுத்தை தூக்கீருச்சுங்க."

நீலகிரியில் இதயம் நின்று செத்த டாபர்மேனே கிடையாது. எல்லாவற்றையும் சிறுத்தைதான் தூக்கியது. அப்படிச் சொன்னால் வம்சத்தின் பெயர் கெடாது. யாரும் காட்டுக்குள் போய்ப் பார்க்கவும் மாட்டார்கள்.

ரூபியின் அம்மாவுக்கு இதயம் என்று நான் உண்மையைச் சொன்னேன். அதுவும் ஒரே ஒருவரிடம். ஸ்டெல்லாவின் அண்ணன் அருள், என் மச்சான். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருவதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. அன்றிலிருந்து என் நாய் என்றாலே ஒதுங்குகிறார்கள். மச்சானோடு எனக்குப் பேச்சு இல்லை. ரூபியின் கூடப் பிறந்தவையும் போய்விட்டன. அந்த வம்சத்தில் மிச்சம் இவள் ஒருத்திதான்.

கேரட் இரண்டு கிலோ. சும்மா கொடுத்தான். அதற்காக ரெக்ஸ் கிடையாது.

ஜூன் 7, சனி

ரூபியை டாக்டர் வசந்தியிடம் காட்டி, ரெக்ஸுக்கு ஸ்கேன் எடுத்தால் போதுமா என்று கேட்டேன். நாய் வைத்தியம் பார்ப்பவர்களில் படித்ததை மறக்காத ஒரே ஆள்.

"ரெண்டு வயசு நாயோட ஸ்கேன் சுத்தமா இருந்தா, இன்னும் ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம் சார். அவ்வளவுதான். எட்டு வயசுல சுத்தமா இருந்தா அதை நம்பலாம்."

"எட்டு வயசு நாய்க்கு நான் எங்க போக?"

கொஞ்சம் தயங்கினார். "உங்க மச்சானோட சீசர். போன வாரம்தான் பார்த்தேன். இதயம் இளவட்டம் மாதிரி இருக்கு. ஆனா விந்தணு கம்மி. குட்டி தங்கினாலே பெருசு சார்."

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தது:

ரெ. – குட்டி நிச்சயம். இதயம் கடவுள் விட்ட வழி.
சீ. – இதயம் முக்கால் நிச்சயம். குட்டி கடவுள் விட்ட வழி. சொந்தக்காரர் மச்சான்.

முடிவெடுக்க நேரமே ஆகவில்லை. சீசர். பத்துக் குட்டி பிறந்து ஆறு வயதில் பத்தும் விழுவதற்கு நான் எதற்கு?

'சொந்தக்காரர் மச்சான்' என்பதைத்தான் விழுங்க முடியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஜெகதளா, மச்சான் வீடு. ஸ்டெல்லாவும் வந்தாள். நடுவில் ஆள் வேண்டுமாம்.

"வாங்க மாப்பிள்ளை. வழி மறக்கலையாட்ட இருக்குதுங்க."

"வழி அப்படியேதான் இருக்கு. ஆளுங்கதான் மாறிட்டாங்க."

"ஆரம்பிச்சாச்சா? நாய் காரியமா வந்தா நாய் காரியத்தைப் பேசுங்க" என்றாள் ஸ்டெல்லா.

சீசரின் அப்பன் எப்படிச் செத்தான் என்று கேட்டேன்.

"சிறுத்தைங்க."

சிரித்துவிட்டேன். மச்சானுக்கு முகம் சிவந்தது.

"நெசமாவே சிறுத்தைதானுங்க. அன்னிக்கு நான் இங்கதான் இருந்தேன், கண்ணால பார்த்தேன்" என்றாள் ஸ்டெல்லா.

நம்பினேன். ஒன்றையாவது தூக்கியிருக்கும் அல்லவா.

ஆண் நாய்க்காரருக்கு முதல் குட்டி என்பது வழக்கம். அவர் பார்த்து எடுத்துக்கொள்வார். மச்சான் கையை ஆட்டினார். "எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க மாப்பிள்ளை. அன்னிக்கு வாய் தவறிப் போச்சு. அதுக்கு இதுன்னு வெச்சுக்குங்க."

நாலு வருடப் பகையை ஒரு கிழட்டு நாயைக் கொடுத்துக் கழுவப் பார்க்கிறார். அவ்வளவு மலிவாக விடுவதாக இல்லை.

"வழக்கம் வழக்கம்தான். முதல் குட்டி உங்களுது."

ஸ்டெல்லா என் காலை மிதித்தாள். வலது கால். இன்னும் வலிக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மச்சான் சீசரை இங்கே கொண்டுவந்தார். ரூபி இரண்டு முறை உறுமினாள், பிறகு வாலை ஒதுக்கி நின்றாள். நல்லபடியாகப் பூட்டிக்கொண்டன. பிரியும் வரை அசையவிடக் கூடாது. ரூபியின் தலையை நான் பிடித்துக்கொள்ள, சீசரை அவர். முழங்கால் சேற்றில், முகத்துக்கு முகம், வேறெங்கும் பார்க்க இடமில்லாமல்.

வெகுநேரம் கழித்து, "மழை வருமாட்ட இருக்குது" என்றார்.

"ம்."

வந்தது. இரண்டு பேரும் எழவில்லை.

ஜூலை 14, திங்கள்

வெயில். ரூபிக்கு வயிற்றில் ஸ்கேன்.

டாக்டர் கருவியை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தார். "ஒண்ணு சார். ஒண்ணே ஒண்ணு. துடிப்பு அருமையா இருக்கு." ஒற்றைக் குட்டி பெரிதாக வளருமாம், ஆபரேஷனுக்குத் தயாராக இருக்கச் சொன்னார். இந்த வயதுக்கு மேல் இன்னொரு ஈற்று வேண்டாம் என்றும் சொன்னார்.

வண்டியில் ஸ்டெல்லா: "முதல் குட்டி அண்ணனுக்கு. சரி. நமக்கு?"

சீசரைத் தேர்ந்தெடுத்தது சரிதான். இப்போதும் அதையேதான் செய்வேன். ரூபி பின்சீட்டில் தூங்கினாள்.

சாயங்காலம் நானே மச்சானைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். ஒன்று.

"ஐயோ. நீங்களே வெச்சுக்குங்க மாப்பிள்ளை."

"சொன்னது சொன்னதுதான்."

"உங்க வம்சத்துல வேற இல்லீங்களே."

"தெரியும்."

அந்தப் பக்கம் சீசரை ஒரு அதட்டு அதட்டிவிட்டு வந்தார்.

"அப்ப அது என்னுது. ஆனா வளர்றது எந் தங்கச்சி ஊட்லதான். சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பார்த்துக்கறேன். அதுக்கும் எதாச்சும் வழக்கம் இருக்குதுங்களா?"

இல்லை என்றேன். வருடா வருடம் இதயம் பார்க்க வேண்டும், நாலு வயதுக்கு முன் ஜோடி சேர்க்கக் கூடாது என்றேன். இரண்டுக்கும் சரி. பெயர் நான்தான் வைப்பேன் என்றேன்.

யோசித்துச் சொல்கிறாராம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?