சர்வீஸ் வந்து சேரும் முன்

இஃப்ராவின் அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா?

இன்று காலை புனே அலுவலகத்தில் நான், மேட்டுப்பாளையத்து ஹர்ஷா, மேலாளர் பிரத்யுஷா மூவர்தான் இருந்தோம். நான் எழுதிய ஜாவா அப்ளிகேஷனை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால்தான் வேலை நிரந்தரம். தொடங்கியதுமே நின்றுவிட்டது. யூடியூப் பார்த்துக் கற்றவள்தானே என்று நினைப்பார்களோ எனக் கூசிப்போனேன்.

எதையும் பிஸ்மில்லா சொல்லி உடனே ஆரம்பிக்கிற பழக்கத்தில், விலைப்பட்டியலை ஏற்றும் வேலையை, எல்லாவற்றுக்கும் முதலில் ஓடும் கன்ஸ்ட்ரக்டர் பகுதிக்குள்ளேயே வைத்திருந்தேன். பட்டியலைக் கொண்டுவரும் சர்வீஸை, பகுதிகளை இணைத்துத் தரும் ஸ்பிரிங் என்ற மென்பொருள் அதன் பிறகுதான் கையில் கொடுக்கும்.

"ஏனுங்க சஃபியாக்கா, அரிசி வாரதுக்குள்ள பந்திக்கு எலை போட்டுப்போட்டீங்களே!" என்றான் ஹர்ஷா. பிரத்யுஷாவும் சிரித்துவிட்டார்.

சர்வீஸ் வந்த பிறகே ஓடும் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் முறைக்கு அதை மாற்றினேன். அல்ஹம்துலில்லாஹ், ஓடியது.

கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் நம் பிள்ளை இஃப்ராவின் பழைய துப்பட்டா ஒன்றும் அனுப்புங்கள். துப்பட்டாவைத் துவைக்க வேண்டாம்.

நிரந்தர வேலைக்கான தாளை மாலையே கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் கையெழுத்திட வேண்டும். நீங்கள் இருவரும் இங்கே குடிவருவீர்களா என்று தெரியாமல் எனக்குக் கை வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

சஃபியா